பத்தடி அறையும் நான்கு லென்ஸும்: கிராண்ட்பாஸ் வீடுகள் படத்துக்குள் வந்த கதை



பழைய பாடசாலைக் குழுப் படங்கள் இருந்தால் தாருங்கள், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சில மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தோம். நாங்கள் கேட்டது குழுப் படம். நீங்கள் வீட்டு அல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ். மூன்று பிஸ்கட் டின், இரண்டு சப்பாத்துப் பெட்டி நிறையப் படங்கள். பாடசாலை விட்ட பிறகு ஆசிரியர்கள் மூன்று பேரும் பழைய மாணவர்கள் சிலரும் உட்கார்ந்து காலவாரியாகப் பிரித்து வைத்தோம்.

பிரிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் நிற்கும் படங்கள் ஏராளம். வாசற்படியில், பைப்படியில், பள்ளிவாசல் முன்னால் எடுத்தவையும் உண்டு. ஆனால் வீட்டுக்கு உள்ளே எடுத்த படம், அதாவது கட்டிலும் அலுமாரியும் யன்னலும் கூரையும் சேர்ந்து தெரிகிற படம், 1975க்கு முன் ஒன்றுகூட இல்லை. உள்ளே எடுத்தது என்று சொல்லித் தந்த இரண்டு மூன்றிலும் ஒரு முகமும் அதற்குப் பின்னால் ஒரு சாண் சுவரும்தான்.

கமரா வாங்க வசதியில்லை, அதனால்தான் என்று முதலில் நினைத்தோம். அது பாதிப் பதில். கமரா வைத்திருந்த வீடுகளிலும் இதே கதைதான். மீதிப் பாதி லென்ஸில் இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளும், தேத்தண்ணி ஒன்றோடு வாசியுங்கள்.

நமது தோட்டங்களில் ஒரு அறை என்றால் பத்தடிக்குப் பத்தடி. அதைவிடச் சின்னதும் உண்டு. சுவரோடு முதுகை ஒட்டி நின்றால், கமராவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது அடி. சாதாரண பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மில்லிமீற்றர் அகலம், 24 மில்லிமீற்றர் உயரம். கமராவோடு சேர்ந்து வந்த லென்ஸ் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் எதிர்ச் சுவரில் ஆறரை அடி அகலமும் நாலேகால் அடி உயரமும்தான் படத்தில் விழும். நிற்கிற ஆளின் தலையைச் சேர்த்தால் முழங்காலோடு கால் போகும். கமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஆள் முழுதாக வருவார், அறை போய்விடும். பின்னால் போக இடமில்லை, பின்னால் இருப்பது அடுத்த வீட்டின் சுவர். அதனால்தான் எல்லோரும் பைப்படிக்கு வந்து நின்றிருக்கிறார்கள்.

அறை முழுவதும் வேண்டுமென்றால் அகன்ற கோண லென்ஸ், நாம் சொல்கிற 'வைட்', வேண்டும். அது வேலை செய்யும் விதத்தை விளங்க, விஞ்ஞான பாடத்தில் செய்த ஊசித்துளைக் கமராவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் துளை, மறுபக்கம் எண்ணெய்த் தாள். தாளைத் துளைக்குக் கிட்டக் கொண்டுவந்தால் விம்பம் சின்னதாகும், ஆனால் வெளியே இருப்பது அதிகமாகத் தெரியும். துளைக்கும் தாளுக்கும் இடையேயான அந்தத் தூரத்தைத்தான் லென்ஸில் குவியத் தூரம் என்கிறோம். 50ஐ 28 ஆக்கினால் அகலம் கூடும். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சிப் பாடத்துக்காக இதே பெட்டியை நாங்கள் எத்தனை தடவை செய்திருப்போம்! அது நமது வீட்டுக் கதை என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊசித்துளையில் இது இலேசு, கண்ணாடியில் அல்ல. கோணம் அகல அகல, படத்தின் ஓரம் இருளும். 1900இல் ஜெர்மனியில் கோயர்ஸ் நிறுவனம் 'ஹைப்பர்கொன்' என்று ஒரு லென்ஸ் கொண்டுவந்தது. கோலிக்குண்டு போன்ற உருண்டை, 130 பாகைக்கு மேல் பார்க்கும். ஓரம் அவ்வளவு இருண்டதால் முன்னால் நட்சத்திர வடிவத்தில் ஒரு சின்னத் தகட்டை வைத்தார்கள். இறப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தால் தகடு சுழலும். நடுவில் விழும் ஒளியைத் தடுத்து, ஓரத்துக்கு அதிக நேரம் கொடுக்கும். காற்றாடி வைத்த லென்ஸ்! பிறகு தகட்டை விலக்கி மீதிப் படத்தை முடிப்பார்கள். இதற்கு இடையில் ஆட்கள் அசையக்கூடாது. கட்டிடம் எடுக்கச் சரி, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

அந்தக் காலத்தில் நமது ஊர் படத்திலேயே இல்லையா என்றால், இருந்தது. கிராண்ட்பாஸ் என்ற பெயரே போர்த்துக்கேயர் காலத்துப் பெரிய துறையில் இருந்து வந்தது. களனி கங்கையைக் கடக்க 1822இல் படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம் இங்கேதான் இருந்தது. 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை கண்டி வீதிக்குப் போகிறவர்கள் அதில்தான் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பு ஸ்டூடியோக்கள் கப்பலில் வந்தவர்களுக்கு விற்ற படங்களில் அந்தப் படகுப் பாலமும் ஒன்று. அதை எடுக்க வைட் தேவையில்லை. கங்கைக் கரையில் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளி நிற்கலாம். நமது ஊர் இப்படித் தூரத்தில் இருந்து, வெளியே இருந்து, நூறு வருடமாகப் படத்தில் இருக்கிறது. உள்ளே வந்து எடுத்தவர் இல்லை.

1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, கமராவைக் கைக்குள் அடக்கியது. 1930இல் அதற்கு 35 மில்லிமீற்றர் எல்மார், 1935இல் 28 மில்லிமீற்றர் ஹெக்டர் என்று வைட் லென்ஸ்களும் வந்தன. கொழும்பில் லைக்காவைப் பேர் பெற வைத்தவர் லயனல் வென்ட். 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்தார், 1944இல் 44 வயதில் இறந்தார். அவர் பெயரில் உள்ள மண்டபத்துக்கு நமது பிள்ளைகள் நாடகம் பார்க்கப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து லைக்கா நமது தெருக்களுக்கு வருகிற பொருள் அல்ல. வந்திருந்தாலும், ஹெக்டரின் அதிகூடிய துவாரமே f/6.3. பின்னர் வந்த f/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான். ஒரு யன்னல் உள்ள அறைக்கு அது போதாது.

நமக்கு வந்த கமராக்கள் வேறு வகை. உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், லென்ஸ் பார்ப்பதையே நமது கண்ணுக்குக் காட்டும், பொத்தானை அமர்த்தும்போது மேலே எழும்பும். இதில்தான் சிக்கல். கண்ணாடி எழும்ப இடம் விட்டதால், லென்ஸ் பூட்டும் இடம் பிலிமில் இருந்து 45 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளிப் போனது. 28 மில்லிமீற்றர் லென்ஸோ பிலிமுக்கு ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் கிட்ட நிற்க வேண்டும். நின்றால் கண்ணாடி அதில் இடிக்கும். ஊசித்துளைப் பெட்டியில் தாளைக் கிட்டக் கொண்டுவர முடியாதபடி நடுவில் ஒருவர் கை வைத்திருப்பது போல.

வழி கண்டது 1950இல், பாரிஸில், பியர் அஞ்செனியூ. லென்ஸுக்கு முன்னால் ஒரு பெரிய குழிவு வில்லையை வைத்தார். அது ஒளியை முதலில் விரித்துவிடும். பின்னால் உள்ள வில்லைகள் தூரத்தில் இருந்தே அதைக் குவிக்கும். தொலைநோக்கி லென்ஸைத் திருப்பி வைத்த மாதிரி. 'ரெட்ரோஃபோகஸ்' என்று பெயர் வைத்தார், அந்தப் பெயரே பிறகு இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அதே காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் தொழிற்சாலை 'பிளெக்டகொன்' செய்தது. அதைப் பார்த்து சோவியத்தில் 37 மில்லிமீற்றர் 'மீர்-1' செய்தார்கள். 1958 பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியதை லென்ஸின் முன் வளையத்திலேயே பொறித்து விற்றார்கள். நம்மில் சிலர் பாடசாலைப் பரிசளிப்புக் கேடயத்தை வரவேற்பறையில் வைப்பது போலத்தான்.

இந்தத் திருப்பி வைத்த வகைக்கு விலையும் உண்டு. கண்ணாடிகள் கூடும், வெயில் நேரே பட்டால் படம் வெளிறும், நேர்கோடு பீப்பாய் மாதிரி கொஞ்சம் வெளியே வளையும். கிட்டக் குவித்தால் ஓரம் மங்கும். இந்தக் கடைசிக் குறையை நிக்கோன் 1967இல் 24 மில்லிமீற்றர் f/2.8 லென்ஸில் தீர்த்தது. கிட்டக் குவிக்கும்போது உள்ளே உள்ள வில்லைகளுக்கு இடையேயான தூரமும் தானாக மாறும்படி செய்தார்கள். மலை எடுப்பவருக்கு இது பெரிய விசயமில்லை. எல்லாமே ஆறடிக்குள் இருக்கிற நமது வீட்டுக்குப் பெரிய விசயம்.

இவை எப்படி நமது பக்கம் வந்து சேர்ந்தன? எங்களுக்குக் கிடைத்த பெட்டி ஒன்றே அதைச் சொல்கிறது. பெட்டிக்குரிய பெரியவர் மொஸ்கோவில், லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒரு ஸெனிட் கமராவும் மீர்-1 உம் அங்கே வாங்கியவை. திரும்பி வரும் வழியில் கிழக்கு பெர்லினில் ஒரு 20 மில்லிமீற்றர் பிளெக்டகொன் f/4 வாங்கியிருக்கிறார். முன் கண்ணாடி தேத்தண்ணிக் கோப்பை வாய் அளவு, 77 மில்லிமீற்றர் வடிகட்டி போடவேண்டும். அதே பெட்டியில் அவருடைய மருமகன் சவூதியில் இருந்து கொண்டுவந்த பென்டெக்ஸ் K1000 உம் 28 மில்லிமீற்றர் லென்ஸும். 1977இல் பொருளாதாரம் திறந்து, ஆட்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியபின் வந்த பொருட்கள். கெசட் ரேடியோ, கம்பளி, ஜப்பான் கமரா என்று பெட்டி கட்டி வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது உம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்குள் எடுத்த படங்கள் நமது டின்களில் கூடுவதும் சரியாக அங்கிருந்துதான்.

போன மாதம் ஒரு குடும்பம் தோட்டத்து வீட்டை விட்டு மாடி வீட்டுக்குப் போனது. போவதற்கு முன் அறையைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். ஒரு ரோல் பிலிம் போட்டு, நான்கு லென்ஸிலும் எடுத்தோம். 24 மில்லிமீற்றர் நிக்கோன் ஒரு நண்பரிடம் இரவல். ஒரே மூலை, ஒரே உயரம், யன்னல் வெளிச்சம் மட்டும்.

மீர்-1 எதிர்ச் சுவரில் எட்டேமுக்கால் அடியைத் தந்தது. ஒரு சுவர், அவ்வளவுதான். ஆனால் முகங்களுக்கு இதைவிட நல்லது நான்கில் இல்லை. நிறம் கொஞ்சம் மஞ்சளாக, ஓரம் மெதுவாக. பழைய பொருளுக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. 28 பதினொன்றரை அடி. சுவர் முழுவதும் வந்து, இரண்டு பக்கச் சுவரிலும் கொஞ்சம் வந்தது. கோடுகள் நேர். அளவிலும் அதுதான் சின்னது, உள்ளங்கையில் அடங்கும். 24 பதின்மூன்றரை அடி, நான்கிலும் கூர்மையானது. கட்டில் விளிம்பில் இருந்து கூரைத் தகரம் வரை ஆணி ஆணியாகத் தெரிந்தது. 20இல் பதினாறு அடி. பங்கசு பிடித்த லென்ஸ் என்பதால் யன்னல் பக்கம் வெளிறிப் போயிருந்தது, கொழும்பு ஈரத்துக்கு எந்த லென்ஸும் தப்பாது. ஆனால் அறையில் இருந்த எல்லாமும் அதில் இருந்தது.

பிரிண்டைக் கையில் கொடுத்தபோது அந்த வீட்டுத் தாத்தா 20இல் எடுத்ததைத்தான் முதலில் எடுத்தார். பார்த்துவிட்டு, "இது எங்கட ஊடா? இவ்வளவு பெரிய ஊட்ட விட்டுட்டா போறோம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால், இதே போன்ற ஒரு படத்தால் இன்னொரு குடும்பம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறோம், பெரிய வீடு வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அறை முழுவதும் தெரியட்டும் என்று மகன் தனது போனின் 0.5இல் எடுத்து இணைத்திருந்தான். அது ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் லென்ஸுக்குச் சமம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அறை பெரிசாத்தானே இருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை அவர். படத்தில் அப்படித்தான் இருந்தது.

இதன் கணக்கு எளிது. ஒரு படம் உண்மையான ஆழத்தோடு தெரிய, அதை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு அங்குல அகலமான பிரிண்டை, 50இல் எடுத்திருந்தால் கண்ணில் இருந்து எட்டேகால் அங்குலத்தில் பிடிக்கலாம், நாம் சாதாரணமாகப் பிடிக்கிற தூரத்துக்குக் கிட்ட. 28இல் எடுத்தால் நாலேமுக்கால் அங்குலம். 20இல் எடுத்தால் மூன்றேகால் அங்குலம், மூக்கில் முட்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பத்து அங்குலத்தில் பிடித்துப் பார்க்கும்போது கிட்ட உள்ள கட்டில் பெரிதாகவும், எதிர்ச் சுவர் எங்கோ தூரத்திலும் தெரிகிறது. இடையில் இல்லாத தரை விரிகிறது. வீடு விற்கும் விளம்பரங்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கின்றன. நெருக்கத்தைக் காட்ட எடுத்த படம், நெருக்கத்தை மறைத்துவிடும்.

அதனால் எங்கள் தீர்ப்பு இது. வீட்டை ஆவணமாக எடுக்க 28. அதற்கு மேல் அகலம் தேவைப்பட்டால் இரண்டு படமாக எடுங்கள். எதிர்ச் சுவரோடு ஓர் ஆளை நிறுத்துங்கள், அறையின் நீள அகலத்தைப் படத்தின் பின்னால் அடிக்கணக்கில் எழுதுங்கள். கூர்மையில் 24 வென்றது என்று எங்களில் ஒருவர் இன்னும் வாதாடுகிறார். அவர் கணித ஆசிரியர், விட்டுவிடுவோம்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த படம். அது எங்கள் குடும்பத்தினுடையது.

1979இல் எங்கள் மாமாவின் நிக்காஹ் வீட்டில் நடந்தது. படம் எடுத்தவர் அந்த மொஸ்கோப் பெரியவர், அதே ஸெனிட், அதே 20 மில்லிமீற்றர். ஸெனிட்டின் பார்வைத் துவாரத்தில் ஒரு குறை உண்டு. பிலிமில் 36க்கு 24 விழும், ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 28க்கு 20 மட்டுமே. ஓரங்களில் எது விழுகிறது என்று எடுப்பவருக்கே தெரியாது. நடுவில் மாமா, லெப்பை, சாட்சிகள். இடது ஓரத்தில், அடுப்படித் திரைச்சீலையை ஒரு கையால் விலக்கியபடி, தட்டத்தோடு எங்கள் உம்மும்மா.

உம்மும்மா வாழ்நாளில் படத்துக்கு நின்றதில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்று இருந்தது. மௌத்தான பிறகு அட்டையைக் கையளித்தோம், அதோடு அதுவும் போனது. ஆக, இது ஒன்றுதான். அதுவும் லென்ஸ் இழுத்துவிட்ட ஓரத்தில். 20 மில்லிமீற்றரின் ஓரத்தில் ஒரு தலை, அதன் உயரத்தோடு பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். முட்டையைப் படுக்க வைத்த மாதிரி. உம்மா பார்த்துவிட்டு, "உம்மாட மொகம் இப்பிடி அகலமில்ல மகன்" என்றார்.

பழைய மாணவர் ஒருவர் கணினியில் சரிசெய்து பார்த்தார். முகம் சரியாகியது, கதவு நிலை வில்லாக வளைந்தது, மாமாவுக்குப் பின்னால் சுவர் புடைத்தது. வட்டமான தலையும் நேரான சுவரும் அந்தக் கோணத்தில் ஒரே தாளில் ஒன்றாக வராது. உலகப் படத்தில் கிரீன்லாந்து பெருத்துப் போவதை வகுப்பில் காட்டுவோமே, அதுதான் இது. உம்மா இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார். வளைந்த கதவுள்ளதை எடுத்துக்கொண்டார். "கதவு எங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

அந்தப் படத்தை இங்கே போடவில்லை. போடலாமா என்று வீட்டில் இரண்டு இரவு பேச்சு நடந்தது. மாமி போடுங்கள் என்றார், பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. உம்மா வேண்டாம் என்றார். அவர் திரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தவர், யாரும் கேட்டு எடுக்கவில்லை. உம்மாவின் பேச்சோடு நின்றோம். பிரிண்ட் ஒன்று உம்மாவிடம், ஒன்று மாமியிடம்.

உங்கள் டின்களைத் திருப்பித் தரும் வேலை வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு பாடசாலையில் தொடங்குகிறது. வரும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். நடுவில் நிற்பவர்களின் பெயர் எங்களுக்கு ஏறக்குறையத் தெரியும். ஓரத்தில் நிற்பவர்களைச் சொல்ல ஆள் வேண்டும். வெளியே காட்ட வேண்டாம் என்று நினைக்கிற படம் எது என்று சொல்லிவிடுங்கள், தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். பழைய கமரா, லென்ஸ் இருந்தால் அலுமாரியில் உடுப்போடு வைக்காதீர்கள், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிறதே, அதே பைதான்.